செம்பில் களிம்பு

டயல்-அப் மோடத்தின் சத்தத்தை இன்றைக்கு யூடியூபில் தேடித்தான் கேட்க வேண்டும். மொத்தமே இருபது முப்பது விநாடி. டயல் டோன், எண்கள் விழும் ஓசை, எதிர்முனையிலிருந்து நீளமாக ஒரு கூவல், அதற்குப் பதிலாக இரண்டு மூன்று கரகரப்பு, கடைசியில் தகரக் கூரையில் மழை அடிப்பதுபோல ஓர் இரைச்சல். பிறகு சட்டென்று மௌனம். இதை ரிங்டோனாக வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அந்தச் சத்தம் அலங்காரத்துக்கு வந்ததில்லை. இரண்டு இயந்திரங்கள் தங்களுக்கு நடுவே கிடக்கும் கம்பியின் உடல்நிலையைப் பரிசோதித்துக்கொண்டது அது.

தூத்துக்குடி பிரவுசிங் சென்டர்களில் சத்தத்தைக் கேட்டே லைன் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடும் அண்ணன்கள் இருந்தார்கள். இரைச்சல் முடிவதற்குள் "இது தேறாதுடே, கட் பண்ணிட்டு மறுபடி போடு" என்பார்கள். பள்ளிக்கூடப் பையனுக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது. பின்னால் பொறியியல் படித்தபோதுதான் அந்தக் காதுகள் எதைக் கேட்டன என்று புரிந்தது. எதிர்முனையின் கூவல் 2100 ஹெர்ட்ஸ். அது 450 மில்லிவிநாடிக்கு ஒருமுறை தலைகீழாகப் புரளும். தொலைபேசி வலையமைப்பில் மனிதர்களின் பேச்சுக்காக வைத்திருக்கும் எதிரொலி நீக்கிகளை "கொஞ்ச நேரம் சும்மா இருங்கப்பா" என்று அடக்குவதற்கு அந்தப் புரளல். அடுத்து வரும் வினோதமான நாதம், 150 ஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கிய இருபத்தொரு சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிப்பது. கம்பி எந்தச் சுரத்தைக் கடத்துகிறது, எதை விழுங்குகிறது என்று எதிர்முனை மோடம் அளந்துகொள்ளும். கடைசி இரைச்சல்தான் உண்மையான தரவு ஓடுவதற்கான ஒத்திகை. சுரங்கள் மங்கலாகக் கேட்டால், அல்லது ஒத்திகை பாதியில் நின்று திரும்ப ஆரம்பித்தால், லைன் சரியில்லை. அண்ணன்கள் சொன்னது அதைத்தான்.

பரிசோதனை முடிந்ததும் விண்டோஸ் 98-இன் கீழ் மூலையில் இரண்டு குட்டிக் கணினிகள் தோன்றும். அதன்மேல் அம்புக்குறியை வைத்தால் ஓர் எண் வரும். பெட்டியின் மேல் 56 கே என்று அச்சிட்டிருந்தாலும் 56,000 என்ற எண்ணை யாரும் பார்த்ததில்லை. 45,333 வரும். 44,000 வரும். அதிர்ஷ்டமிருந்தால் 49,333. இல்லையென்றால் 28,800, அதற்கும் கீழே 26,400. அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தவனுக்கு நோயில் பாதி அங்கேயே புரிந்துவிடும்.

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காக அளவெடுத்துத் தைத்தது. 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் இடம். அதில் எவ்வளவு தரவு ஓடும் என்பதற்கு கிளாட் ஷானன் 1948-இல் ஒரு வரம்பு போட்டார்: அகலத்தையும், குறிகை இரைச்சலைவிட எத்தனை மடங்கு பெரியது என்பதையும் கொடுத்தால் உச்ச வேகம் கிடைத்துவிடும். நல்ல தொலைபேசி லைனுக்கு 35 டெசிபல் என்று வைத்துக் கணக்குப் போட்டால் விநாடிக்கு 36,000 பிட் பக்கம் வருகிறது. 33,600-இல் வி.34 மோடங்கள் முட்டி நின்றதற்குக் காரணம் இதுதான். அப்படியென்றால் 45,333 எப்படி?

இங்கேதான் எக்ஸ்சேஞ்ச் உள்ளே வருகிறது. டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் உங்கள் குரலை விநாடிக்கு 8000 முறை மாதிரி எடுத்து எண்ணாக மாற்றும். இணையச் சேவையாளர் தன் பக்கத்தில் டிஜிட்டல் இணைப்பையே வைத்துக்கொண்டால், அவரிடமிருந்து உங்கள் ஊர் எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் எண் எண்ணாகவே வரும், இரைச்சலே சேராது. கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் செம்புக்கம்பியில் மட்டும் அது மின்னலையாக மாறும். ஒரு மாதிரிக்கு ஏழு பிட், 8000 முறை, ஆக 56,000. 1998-இல் வந்த வி.90 இந்தத் தந்திரத்தில் பிழைத்தது. அதன் வேகங்கள் 8000-ஐ ஆறாக வகுத்த 1333-இன் மடங்குகள். அதனால்தான் 45,333, 46,667 என்று வாலில் அசிங்கமான எண்கள். பழைய வி.34 போனது 2400-இன் மடங்குகளில். ஆக, திரையில் 28,800 என்று வந்தால் மோடம் வி.90-ஐ முயன்று பார்த்துக் கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். ஒன்று, நடுவழியில் எங்கோ இரண்டாவது முறை மின்னலையாக மாறி மீள்கிறது. அது உங்கள் கையில் இல்லை. அல்லது உங்கள் தெருக் கம்பி கெட்டிருக்கிறது. அதற்கு ஏதாவது செய்யலாம்.

செய்தே ஆக வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது: காசு. உள்ளூர் அழைப்புக்கு அன்று மூன்று நிமிடத்துக்கு ஒரு யூனிட். பத்து லட்சம் பைட் உள்ள கோப்பை 45,333-இல் இறக்க 176 விநாடி, கூட்டல் கழித்தல் பார்க்காமல். ஒரு யூனிட்டுக்குள் கிட்டத்தட்ட அடங்கிவிடும். அதே கோப்பு 28,800-இல் 278 விநாடி, இரண்டு யூனிட். அதற்கும் மேல் இணையச் சேவைக்கு மணிக்கணக்கில் வாங்கிய நேரம் வேறு கரைகிறது. கம்பியின் இரைச்சலுக்கு நுகர்வோர்தான் பணம் கட்டினார். இன்றைக்கு இணையம் மெதுவாக இருந்தால் எரிச்சல் வருகிறது. அன்று மெதுவென்றால் வீட்டில் மாதக் கடைசியில் ஒரு விசாரணைக் கமிஷன் உட்காரும்.

சரி, தூத்துக்குடிக் கம்பிக்கு என்ன கேடு?

உப்பு. முத்தையாபுரம் தாண்டிப் போனால் இரண்டு பக்கமும் உப்பளங்கள், கிழக்கே கடல். கொண்டல் அடிக்கும் நாளில் ஜன்னல் கம்பியைத் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். தொலைபேசிக் கம்பி எக்ஸ்சேஞ்சிலிருந்து தரைக்குள் தடித்த கேபிளாகக் கிளம்பி, தெருமுனை இரும்புப் பெட்டியில் பிரிந்து, கம்பத்தில் இருக்கும் சின்னப் பெட்டிக்கு ஏறி, அங்கிருந்து காற்றில் தொங்கியபடி வீட்டுக்கு வரும். ஒவ்வொரு பிரிவிலும் ஒரு முறுக்கிய இணைப்பு. உப்பும் ஈரமும் சேர்ந்தால் அந்த இணைப்பில் பச்சையாகக் களிம்பு ஏறும். சைவ சித்தாந்தத்தில் ஆன்மாவோடு ஆணவம் ஒட்டியிருப்பதற்குச் செம்பில் களிம்பைத்தான் உவமை சொல்வார்கள். உவமை சொன்னவர்கள் கடற்கரையோரத் தொலைபேசி இணைப்பைப் பார்த்திருந்தால் இன்னும் நொந்திருப்பார்கள்.

களிம்பேறிய இணைப்பு முழுதாக அறுந்துவிடாது. அதுதான் பிரச்சினை. அறுந்தால் போன் செத்துவிடும், புகார் கொடுக்கலாம், ஆள் வருவார். களிம்பேறிய கம்பியில் பேச்சு கேட்கும், கொஞ்சம் கரகரவென்று. "பேசலாம்லா, பெறவென்ன?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. மனிதக் காது கரகரப்பைத் தாண்டி அர்த்தத்தைப் பிடித்துக்கொள்ளும். மோடத்துக்கு அந்தத் தாராளம் கிடையாது.

களிம்புக்கு இன்னொரு விசித்திரமும் உண்டு. அது மின்சாரத்தை ஒரு திசையில் கொஞ்சம் அதிகமாகவும் மறுதிசையில் குறைவாகவும் விடும், அதாவது அரைகுறை டையோடு. பழைய கிரிஸ்டல் ரேடியோவின் வேலையே அதுதான். தூத்துக்குடியில் வானொலி நிலையத்துக்கு 1053 கிலோஹெர்ட்ஸில், இலங்கைக்கும் எட்டுகிற 200 கிலோவாட் மத்திய அலை ஒலிபரப்பி ஒன்று உண்டு. இப்படிப்பட்ட ஊரில் ரிசீவரை எடுத்தால் டயல் டோனுக்குப் பின்னால் மெல்லிசாகப் பாட்டு கேட்பது பேய் வேலை இல்லை. எங்கோ ஓர் இணைப்பு ரேடியோ ஆகிவிட்டது என்று பொருள்.

எங்கள் தெருவுக்கு வந்த லைன்மேன் அண்ணாச்சி ஒருவரின் முறையை அப்படியே பாடப்புத்தகத்தில் வைக்கலாம். வந்ததும் வீட்டுக்குள் இருக்கும் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார். மாடியில் இருக்கும் பேரலல் போன், எண் காட்டும் பெட்டி, மோடம், அவ்வளவும். பிறகு வயர் வீட்டுக்குள் நுழையும் முதல் ரோசட்டில் தன் கைபேசிக் கருவியைக் கவ்வ வைத்து, ஏதாவது ஓர் எண்ணை அழுத்துவார். டயல் டோன் நின்றுவிடும், ஆனால் அழைப்பு போகாது. அந்த மௌனத்தைத்தான் கேட்க வேண்டும். சுத்தமான மௌனமென்றால் குற்றவாளி வீட்டுக்குள். "கேளு தம்பி, இங்கன ஒண்ணுமில்ல. ஒங்க வீட்டு வயருதான் வில்லங்கம்" என்பார். மௌனத்திலும் பொரித்தால் வெளியே கம்பத்துக்குப் போவார். அங்கேயும் அதே பரிசோதனை. பாதியாகப் பிரித்து, எந்தப் பாதியில் நோய் என்று பார், அந்தப் பாதியை மறுபடி பிரி. நாங்கள் இதைக் கல்லூரியில் பைனரி சர்ச் என்று படித்தோம். களிம்பைச் சுரண்ட அவர் பையில் இருந்தது உப்புத்தாள். உப்பால் வந்த வினையை உப்புத்தாளால் தீர்க்கும் ஊர்.

மழைக்காலத்தில் அவருக்கும் கைகட்டுதான். ஐப்பசி, கார்த்திகையில் தரைக்கேபிளுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் ஒருவர் பேச்சு இன்னொருவர் லைனில் ஒழுகும். பழைய கேபிள்களில் செம்புக்கு உறை காகிதம். வெளியே ஈய உறை வெடித்தால் காகிதம் நனையும். பின்னால் வந்த கேபிள்களில் உள்ளே ஒருவகைக் கூழை அடைத்திருந்ததால் தண்ணீர் ஓரிடத்தில் புகுந்தாலும் பரவாது. எந்தத் தெருவுக்கு எந்தக் கேபிள் என்பது உங்கள் ஜாதகம்.

அண்ணாச்சி சொன்ன இன்னொரு வித்தை எனக்கு ரொம்பப் பிடித்தது. "நெட்டு போடறதுக்கு முன்ன யாரையாவது ஒங்க வீட்டுக்கு ஒரு ரிங் விடச் சொல்லு, எடுத்து ரெண்டு வார்த்த பேசு, பெறவு போடு." மூடநம்பிக்கை மாதிரி இருக்கிறது, இல்லையா? தொலைபேசிக் கம்பியில் சும்மா இருக்கும்போது 48 வோல்ட். மணியடிக்கும்போது அதன்மேல் 75 வோல்ட் அளவில் மாறுமின்சாரம் ஏறும். களிம்புப் படலத்தை அந்த மின்சாரம் தற்காலிகமாகத் துளைத்துவிடும். கொஞ்ச நேரம் இணைப்பு சுத்தமாக இருக்கும். படலம் மறுபடி வளர்வதற்குள் வேலையை முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

மோடம் பக்கத்துத் தந்திரங்களும் ஏராளம். பல மோடங்கள் அமெரிக்க டயல் டோனுக்குப் பழகியவை. நம் ஊர் டயல் டோன் 400 ஹெர்ட்ஸ், அதை 25 ஹெர்ட்ஸ் அதிரவைக்கும். கேட்டுப் பழகாத மோடம், டயல் டோனே இல்லை என்று பிடிவாதம் பிடிக்கும். ஆரம்பக் கட்டளையில் எக்ஸ்3 என்று சேர்த்தால் டோனுக்காகக் காத்திராமல் எண்ணைச் சுழற்றும். தொடர்நிலைப் போர்ட்டில் 16550 என்ற சில்லு இருக்க வேண்டும். அதற்குப் பதினாறு பைட் சேமிக்கும் இடம் உண்டு. பழைய சில்லில் ஒரே ஒரு பைட். கணினி வேறு வேலையில் இருக்கும்போது அடுத்த பைட் வந்தால் முந்தையது போயிற்று. பொட்டலத்தின் அளவை 1500-லிருந்து 576 ஆக மாற்றச் சொல்லி ஊர் ஊராக ஓர் அறிவுரை சுற்றியது. மெதுவான லைனில் இரண்டு மூன்று வேலை ஒன்றாக ஓடும்போது அது உதவும், பெரிய கோப்பு இறக்கும்போது உதவாது. ரிஜிஸ்ட்ரியில் கைவைத்தவர்கள் எல்லோரும் வேகம் இரட்டிப்பானதாகச் சத்தியம் செய்தார்கள். அளந்து பார்த்தவர்கள் குறைவு.

இதில் உண்மையிலேயே வேலை செய்த தந்திரம், கேட்டால் யாரும் நம்பாத ஒன்று: வேகத்தைக் குறைப்பது. கெட்ட லைனிலும் மோடம் ஆசைப்பட்டு 45,333-இல் கைகுலுக்கிவிடும். பிறகு இரைச்சலில் பொட்டலங்கள் சிதையும். சிதைந்ததைப் பிழைதிருத்தும் நெறிமுறை திருப்பிக் கேட்கும், திருப்பி அனுப்பும். நடுநடுவே இரண்டு மோடங்களும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கம்பியை மறுபடி அளக்க ஆரம்பிக்கும். அந்தப் பத்துப் பதினைந்து விநாடியும் மீட்டர் ஓடும். திரையில் மட்டும் 45,333 அப்படியே நிற்கும். மோடத்துக்கு ஒரு கட்டளை கொடுத்து "நீ 31,200-க்கு மேல் ஆசைப்படாதே" என்று கட்டிப்போட்டால் கோப்பு சீக்கிரம் வந்து சேரும்.

இந்தப் பாடத்தை உலகம் முதல்முறை கற்றுக்கொண்டது 1858-இல், பெரும் செலவில். அந்த வருடம் ஆகஸ்ட் 5 அன்று அட்லாண்டிக் கடலடியில் முதல் தந்தி வடம் முழுமையாயிற்று. விக்டோரியா மகாராணியின் வாழ்த்து 98 சொற்கள். போய்ச் சேர 16 மணி நேரம். நீளமான கடல்வடத்தில் குறிகை கூர்மையாகப் புறப்பட்டு, மறுமுனையில் மெதுவாக வீங்கி வடியும். நீளம் இரட்டித்தால் தாமதம் நான்கு மடங்கு என்று வில்லியம் தாம்சன் ஏற்கெனவே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். வடத்தின் மின்பொறியாளர் வைல்ட்மன் வைட்ஹவுஸ் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் தொழிலால் அறுவை மருத்துவர். மெதுவாகப் போகிறதா, அடித்துத் தள்ளு என்று 2000 வோல்ட் வரை ஏற்றினார். மூன்று நான்கு வாரத்தில் வடம் செத்தது. தாம்சனின் வைத்தியம் நேரெதிர்: கொஞ்சமாக அனுப்பு, ஆனால் மறுமுனையில் நன்றாகக் கேள். சின்னஞ்சிறு கண்ணாடியில் ஒளியைப் பட்டுத்தெறிக்கவிட்டு, மிக நுண்ணிய மின்னோட்டத்தையும் சுவரில் அசையும் புள்ளியாகப் பார்க்கும் கருவியைச் செய்தார். 1866-இல் நிலைத்து நின்ற வடம் அந்த வழியில்தான் பேசியது.

அதே 1858-இல் நம் பக்கத்திலும் இந்தியாவையும் இலங்கையையும் தந்தி இணைத்தது. இந்தியத் தந்தியைக் கட்டிய வில்லியம் ஓ'ஷாக்னஸியும் ஒரு மருத்துவர்தான். ஆனால் இவர் வேறு ரகம். ஐரோப்பாவில் மெல்லிய கம்பி போதும் என்றபோது, இங்கே புயல், மழை எல்லாவற்றையும் பார்த்துத் தடித்த இரும்புத் தண்டுகளை இழுத்தார். ஊர்க் காற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட முதல் லைன்மேன் என்று அவரைச் சொல்லலாம் என்பது என் கட்சி.

கம்பி நன்றாக இருந்தும் இணையம் நகராத நாட்கள் உண்டு. அது வேறு நோய். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கான இணையத்தை முதலில் பெருநகரங்களில் தொடங்கியபோது, எதிர்பார்த்ததைவிட ஆட்கள் கூடிவிட்டார்கள். மோடங்கள் போதவில்லை. எப்போது டயல் செய்தாலும் என்கேஜ்ட். அதன் தலைவர் பி.கே. சிங்கல் பத்திரிகையாளர்களைக் கூட்டி, சொதப்பிவிட்டோம் என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அரசு நிறுவனத் தலைவரிடம் அபூர்வமான குணம். அப்போது தென்மாவட்டத்துக்காரர் இணையத்துக்குப் போக வேண்டுமென்றால் எஸ்டிடி போட்டுப் பெருநகரத்துக்குப் போக வேண்டும். மாணவர் கணக்கில் படமே கிடையாது, கறுப்புத் திரையில் எழுத்து மட்டும். 1998 நவம்பரில் தனியாருக்குக் கதவு திறந்தது. 2000 அக்டோபரில் பிஎஸ்என்எல் பிறந்தது. சஞ்சார்நெட் அட்டைகள் சிறிய ஊர்களுக்கும் வந்தன. இப்போது எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் வேகம், வீட்டுக்கம்பியும் சுத்தம், ஆனால் மாலை ஏழு மணிக்கு எல்லோரும் ஒன்றாக நுழைந்தால் ஊரிலிருந்து வெளியே போகும் குழாய் நிறைந்துவிடும். களிம்புக்கு உப்புத்தாள் இருக்கிறது, நெரிசலுக்கு நள்ளிரவுதான் மருந்து. விடியற்காலை மூன்று மணிக்குப் பாட்டு இறக்கிய தலைமுறை ஒன்று உண்டு. அவர்கள்தான் இன்று உங்கள் டீம் லீடுகள்.

தமிழ் வாசகருக்கு இன்னொரு கணக்கு இருந்தது. டிஸ்கி, டாப் போன்ற அன்றைய குறியேற்றங்களில் ஓர் எழுத்து வடிவத்துக்கு ஒரு பைட். இன்று நாம் புழங்கும் யூடிஎஃப்-8-இல் 'க' என்ற ஒரே எழுத்துக்கு மூன்று பைட். 'கி' என்றால் ஆறு. யூனிகோடுக்கு மாறலாமா என்ற விவாதத்தில் இந்த மூன்று மடங்கு ஒரு வாதமாகவே வந்தது. மீட்டர் ஓடுகிற வீட்டில் அது சும்மா வாதமில்லை. ஆனால் பாதிதான் உண்மை. மூன்று பைட்டில் முதலாவது எப்போதும் ஒன்றே, இரண்டாவதில் இரண்டே வாய்ப்பு. மோடத்துக்குள்ளேயே இருந்த சுருக்கும் முறை இந்த மாதிரித் திரும்பத் திரும்ப வருவதை நன்றாக நசுக்கிவிடும். கம்பியில் உண்மையாக ஓடியது மூன்று மடங்கைவிடக் கணிசமாகக் குறைவு. உண்மையான பாரம் வேறிடத்தில் இருந்தது: சில தளங்கள் பக்கத்தோடு எழுத்துருவையும் அனுப்பின. அது வந்து சேரும்வரை திரையில் கிறுக்கெழுத்து. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் படமோ ஆடம்பரமோ இல்லாமல் வெறும் எழுத்தாக இலக்கியங்களை ஏற்றியது. அதனால் சின்ன ஊரிலிருந்தும் ஒரு யூனிட்டுக்குள் ஒரு நூலை இறக்கிவிட முடிந்தது. இணைப்பைத் துண்டித்துவிட்டு, நிதானமாக, காசில்லாமல் படிக்கலாம். வாசிப்புக்கு அதைவிட நல்ல ஏற்பாடு இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

செம்பையே விட்டுவிடலாம் என்று யோசித்தவர்களும் இருந்தார்கள். ஐஐடி சென்னையில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட், கடைசிக் கிலோமீட்டர்களை ரேடியோவால் கடந்தது. பேச்சோடு 35 அல்லது 70 கிலோபிட் இணையம். திருட்டுப்போகச் செம்பில்லை, நனையக் காகிதமில்லை. மதுரைக்குப் பக்கத்தில் மேலூர் வட்டாரக் கிராமங்களில் 2001 வாக்கில் இதை வைத்து இணையக் கடைகள் வந்தன. அங்கிருந்து கண்களைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி, ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார்கள். பஸ் ஏறி ஒரு நாள் கூலியை விட வேண்டிய கேள்விக்கு ஒரு சின்னப் படத்தில் பதில். 35 கிலோபிட் மெதுவா வேகமா என்பது எதை அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்தது.

கடைசிக் கிலோமீட்டரின் கஷ்டம் தூத்துக்குடிக்குப் புதிதில்லை. பழைய துறைமுகம் ஆழமில்லாதது. உலகம் சுற்றி வந்த கப்பல் கரையிலிருந்து சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். சரக்கு தோணியில் இறங்கி, காற்றும் அலையும் பார்த்து, மெல்லக் கரைக்கு வரும். லண்டனிலிருந்து வந்த நாட்களைவிடக் கடைசி ஐந்தாறு மைல்தான் வியாபாரியின் வயிற்றைக் கலக்கும். 1974-இல் புதிய துறைமுகம் திறந்த பிறகே பெரிய கப்பல் கரையணைந்தது. அதற்கும் முன்னால் முத்துக்குளித்த கடல் இது. 1961-க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அங்கே மூழ்கியவருக்கும் மேலே தோணியில் இருந்தவருக்கும் நடுவே ஒரே தொடர்பு ஒரு கயிறு. ஒரு உலுக்கு, அதற்கு ஒரே அர்த்தம்: தூக்கு. ஷானன் கணக்கில் ஒரே ஒரு பிட். கயிறு பிடிப்பவர் கவனம் தவறினால் ஆள் போய்விடுவார். அதனால் அந்த வேலைக்கு மச்சினனைத்தான் நம்புவார்கள் என்று கடற்கரையில் ஒரு பேச்சு உண்டு. மச்சினனுக்குத்தான் அக்கா தாலியில் அக்கறை இருக்கும் என்ற கணக்கு.

2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் அகன்ற அலைவரிசையைத் தொடங்கியது. 256 கிலோபிட், டயல் செய்ய வேண்டாம், போனும் சும்மா இருக்கும். ஆனால் ஓடியது அதே செம்பில், குரலுக்கு மேலே இருக்கும் அதிர்வெண்களில். குரலுக்குப் பரவாயில்லை என்று விட்ட களிம்பெல்லாம் இப்போது வெளியே வந்தது. மோடத்தில் சிவப்பு விளக்கு சிமிட்டியது. அண்ணாச்சி மறுபடி உப்புத்தாளோடு கம்பம் ஏறினார். அடுத்த வருடம், 2006-இல், தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பக்கத்துக் கல்கிசைக்குக் கடலடி ஒளியிழை வடம் செயல்பாட்டுக்கு வந்தது. பிஎஸ்என்எல்லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து போட்ட பாரத்-லங்கா வடம், முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தோணிகள் போன அதே திசை. ஒருபக்கம் நாடுகளுக்கு நடுவே ஒளி போகிறது, கரைக்கு இந்தப் பக்கம் நம் தெருவில் இன்னும் முறுக்கிய செம்பு. கப்பல் வந்து நிற்கிறது, தோணியைத்தான் காணோம்.

பிறகு செல்பேசி வந்து செம்பின் கதையை முடித்தது. 3ஜி, 4ஜி. எக்ஸ்3, பைனரி சர்ச், ரிங் வைத்தியம் எல்லாம் மறந்துபோயிற்று. மிஞ்சியது ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது மட்டும்.

2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான ஊர்வலத்தில் போலீஸ் சுட்டது. பதின்மூன்று பேர் செத்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை ஐந்து நாளுக்கு நிறுத்தச் சொல்லி உள்துறையிலிருந்து உத்தரவு வந்தது. அதற்கு முந்தைய வருடம்தான், 2017-இல், தொலைத்தொடர்பை இடைநிறுத்துவதற்கென்று மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்திருந்தது. சுட்ட ஊர் மட்டுமில்லாமல் பக்கத்து மாவட்டங்களுக்கும் ஏன் என்ற கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது, அந்த இரண்டு மாவட்டங்களில் முன்னதாகவே இணைப்பு திரும்பியது. ஆஸ்பத்திரியில் யார் இருக்கிறார்கள், எந்தத் தெருவில் போலீஸ் நிற்கிறது, பிள்ளை வீடு வந்து சேர்ந்தானா என்று ஓர் ஊர் முழுக்கத் தேடிய நாட்கள் அவை.

திரையில் சிக்னல் கோடுகள் நிறைந்திருந்தன. கம்பியில் இரைச்சல் இல்லை, களிம்பில்லை, நெரிசலில்லை, மழையுமில்லை. பழைய பரிசோதனையை வரிசையாகப் போட்டால் எல்லாமே நன்றாக இருக்கிறது என்றுதான் வரும். கயிறு அறுந்திருக்கவில்லை, மேலே பிடித்திருந்தவர் கையை எடுத்திருந்தார். செய்தி தெரியாதவர்கள் போனை அணைத்துப் போட்டார்கள், சிம்மைக் கழற்றித் துடைத்து மாட்டினார்கள், மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தார்கள். குரல் அழைப்பு மட்டும் போனது. வெளியூரில் இருந்தவர்கள் ஊருக்கு அழைத்து ஒவ்வொரு வீடாக விசாரித்தார்கள்.